சம்பளம் குறையும், மாமியார் பக்கத்தில் இருப்பார்: சென்னையிலிருந்து கோவைக்குப் போகலாமா?

கயல் பெரும்பாக்கம்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் கணவரும் பெரும்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவருக்குச் சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை. நான் கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மகளை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். மாமியார் பொள்ளாச்சியில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, முட்டி வலி இரண்டும் உண்டு. இங்கே வரச் சொன்னால் "அந்தத் தண்ணியும் வேர்வையும் எனக்கு ஆகாது சாமி" என்று மறுத்துவிடுகிறார்.

இவருடைய நிறுவனத்துக்குக் கோவையிலும் கிளை இருக்கிறது. மாற்றல் கேட்டால் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் அப்படியே இருக்கும், சென்னைக்கென்று தரும் படியில் மாதம் 4,000 போய்விடும். நான் வேலையை விட வேண்டும். இதே வேலைக்குக் கோவையில் விசாரித்தேன். இப்போது வாங்குவதைவிட 8,000 குறைவாகத்தான் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். இங்கே வாடகை 21,000. பராமரிப்புக் கட்டணம் 3,500, அதில் பெரும்பகுதி லாரித் தண்ணீருக்கே போகிறது. கோவையில் வாடகை 15,000, பராமரிப்பு 1,500 என்று வைத்தோம். போக்குவரத்தில் ஆயிரம் மிச்சமாகலாம். மளிகை, பால், பெட்ரோல், பள்ளிக் கட்டணம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக மாதம் 9,000 செலவு குறைகிறது, 12,000 வருமானம் குறைகிறது. தாளைப் பார்த்தால் போக வேண்டாம் என்றுதான் வருகிறது. ஆனால் அந்தத் தாளில் எழுத முடியாத விஷயங்களைத்தான் வீட்டில் தினமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போனவர்கள், போகாமல் இங்கேயே இருந்தவர்கள், இரண்டு பக்கமும் சொல்லுங்கள். "மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மனசு ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

சரவணம்பட்டி சிவா:

அக்கா, நான் துரைப்பாக்கத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு இங்கே வந்தவன். முதலில் வாடகை. சரவணம்பட்டி, விளாங்குறிச்சி பக்கம் 15,000-க்கு ரெண்டு பெட்ரூம் வீடு சுலபமாகக் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். கீரணத்தம் ஐடி பார்க், டைடல் பார்க் இருக்கிற பக்கமெல்லாம் வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தொகைக்கு வடவள்ளி, கோவைப்புதூரில் காற்றோட்டமான வீடே பார்க்கலாம். ஆனால் தினமும் ஊரைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஐடி பக்கம் வர வேண்டும். துடியலூர் இடைப்பட்டது, சரவணம்பட்டிக்கு நேர் ரோடு இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். கோவைத் தண்ணீர் என்றதும் எல்லோரும் சிறுவாணி என்பார்கள். ஊர் முழுக்க சிறுவாணி வருவதில்லை. மேற்குப் பக்கம் சிறுவாணி, எங்கள் பக்கம் பில்லூர். பில்லூர் மூன்றாவது திட்டம் 2024-ல் வந்தது. சிறுவாணி அணையே கேரள மண்ணில் இருப்பதால் எவ்வளவு தேக்குவது என்பதில் ஒவ்வொரு கோடையிலும் பேச்சு எழும். வீடு பார்க்கும்போது சமையலறையில் எத்தனை குழாய் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே பழைய வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒன்று, உப்புத் தண்ணீருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். நல்ல தண்ணீர் முறை வைத்துத்தான் விடுவார்கள். நிலத்தடித் தொட்டி எவ்வளவு பெரியது, கடைசியாகத் தண்ணீர் என்றைக்கு வந்தது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். உப்புத் தண்ணீர் மட்டும் இருக்கிற வீட்டில் ஹீட்டர், வாஷிங் மெஷின், தலைமுடி எல்லாவற்றுக்கும் தனிச் செலவு வரும். உங்கள் 1,500 ரூபாயில் அது இல்லை.

பஸ்ஸை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்துவது சிரமம். தனியார் டவுன் பஸ் நிறைய ஓடுகிறது, ஆனால் பெண்களுக்கான இலவசப் பயணம் அரசு சாதாரணப் பேருந்தில் மட்டும்தான். மின்சார ரயில் கிடையாது. மெட்ரோ திட்டத்தையும் 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது, 2011 கணக்கெடுப்புப்படி 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்ற காரணத்தைச் சொல்லி. அதனால் வீட்டுக்கு இரண்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் திரும்பிப் போகச் சொன்னால் போக மாட்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பையனைக் கூட்டிக்கொண்டு குளக்கரையில் நடக்கும்போது இன்னும் வெளிச்சம் இருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

மாம்பலம் வாசகன்:

கயல், உங்கள் தாளில் ஒரு வரிசை இல்லை. வேலை போனால் என்ன செய்வீர்கள்?

இன்றைய ஐடி நிலவரத்தில் இது அபசகுனமாகப் பேசுவது ஆகாது. சென்னையில் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஒரு நிறுவனம் கைவிட்டால் அதே சாலையில் இன்னும் பல இடங்களில் விண்ணப்பிக்கலாம். வீடு, குழந்தையின் பள்ளி எதுவும் மாறாது. கோவையில் பாஷ், காக்னிசன்ட் போன்ற பெரிய பெயர்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கணவரின் அனுபவத்துக்கும் சம்பளத்துக்கும் பொருந்துகிற நாற்காலிகள் அங்கே எத்தனை இருக்கும் என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் விட்டு எண்ணும் அளவுதான் என்றால், நீங்கள் மிச்சம் பிடிக்கிற வாடகைக்குப் பதிலாக அந்த ஒரு நிறுவனத்தின் தயவில் இருக்கப்போகிறீர்கள் என்று பொருள். சம்பள உயர்வு பேசும்போதுகூட அது தெரியும். போக வேறு இடமில்லாதவருக்கு யாரும் கூட்டிக் கொடுப்பதில்லை.

இன்னொன்று. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் பாதை மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. வேலை நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நிலையம் வரும். இத்தனை வருடம் தூசியைத் தின்றுவிட்டு, பலன் வருகிற நேரத்தில் கிளம்புகிறீர்கள்.

கயல் பெரும்பாக்கம்:

நன்றி சிவா. வாசகன் சார், நீங்கள் சொன்ன நாற்காலிக் கணக்கை இவரிடம் காட்டினேன். இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

மெட்ரோ பற்றி மட்டும் ஒன்று. நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். நிலையம் திறந்த மறு மாதமே வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுவார். ரயில் வருவதால் லாபம் வீடு வைத்திருப்பவருக்குத்தான், எங்களுக்கு நேரம் மிச்சமாகும், பணம் கூடுதலாகப் போகும்.

என் ஒரு நாளைச் சொல்கிறேன். கிண்டியில் ஆறு மணிக்குக் கிளம்பினால் வேளச்சேரி வரைக்கும் ஓரளவு நகரும். பள்ளிக்கரணையில் நிற்கும். மேடவாக்கம் வரும்போது பஸ்ஸுக்குள் யாரும் பேச மாட்டார்கள், எல்லோரும் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஏழரைக்கு மேல் இருக்க மாட்டார். அந்த ஏழரையை நினைத்துக்கொண்டே தினமும் நின்றுகொண்டு வருகிறேன். மகள் பள்ளியில் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பிக்கும்போது நான் குக்கர் வைத்துக்கொண்டிருப்பேன். பாதியில் தூங்கிவிடுவாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். முதல் மாடி என்பதால் தப்பித்தோம். ஆனால் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. சதுப்பு நிலத்தை ஒட்டி வீடு கட்டினால் தண்ணீர் வரத்தான் செய்யும். அது எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதை எந்த வரிசையில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஒயிட்ஃபீல்டு பாலு:

சிஸ்டர், யாராவது பெங்களூரைச் சொல்வார்கள் என்பதால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கு இங்கே நிச்சயம் கூடுதலாகக் கிடைக்கும். வாசகன் சொன்ன அந்த நாற்காலிகள் இங்கேதான் அதிகம். வீட்டை மாற்றாமலே நிறுவனம் மாறியவன் நான். வெயிலும் கிடையாது.

ஆனால் சம்பளம் ஏறிய வேகத்தில் வாடகையும் ஏறியது. 2024 கோடையில் எங்கள் அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணறு வற்றி, லாரி தேடி அலைந்தோம். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் வந்த பிறகு சில பகுதிகளுக்கு நிம்மதி. வெளிவட்டச் சாலை நெரிசலைப் பற்றி ஓஎம்ஆர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து நிரந்தரமாக வைத்துக்கொண்டால் கர்நாடக ஆயுள் வரி தனியாகக் கட்ட வேண்டும். பிள்ளை பள்ளியில் கன்னடம் படிப்பாள், தமிழை வீட்டில் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறோம், சந்தோஷமாகவே செய்கிறோம், ஆனால் அதற்கும் நேரம் வேண்டும்.

குழந்தை இல்லாமல், இருபத்தைந்து வயதில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள் என்றிருப்பேன். பொள்ளாச்சியில் ஒரு அம்மா இருக்கும்போது சொல்ல மாட்டேன்.

தையல் வகுப்பு மல்லிகா:

கயல், நீங்கள் இருக்கும் அதே பெரும்பாக்கத்தில், மறுகுடியமர்வுக் குடியிருப்பில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். செலவா வாழ்க்கையா என்ற கேள்விக்கு இந்த ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. இங்கே யாரும் அதைப் பேசாததால் எழுதுகிறேன்.

கண்ணகி நகர் 2000-த்தில் தொடங்கியது. அதற்குப் பிறகு பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை, முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். கெட்டிக் கட்டடம், தனிக் கழிப்பறை, சொந்த மின் இணைப்பு. மாதம் கட்ட வேண்டிய தொகை மிகக் குறைவு. வீட்டுச் செலவை மட்டும் பார்த்தால் சென்னையில் இதைவிட மலிவாக யாரும் வாழ முடியாது.

என் வகுப்புக்கு வரும் ஒருவர் முன்பு சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தவர். சுற்றுவட்டாரத்தில் மூன்று வீட்டில் வேலை செய்தார். காலையில் ஒரு வீடு முடித்து, தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தே போய்விடுவார். இங்கே வந்த பிறகு அந்த வேலைகள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டன. முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் கிளம்பினார். இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் கட்டணமே ஒரு வீட்டுச் சம்பளத்தைத் தின்றது. பிள்ளைகள் எழுந்து தாங்களே கிளம்பிப் போனார்கள், சில நாள் போகவில்லை. கடைசியில் இரண்டு வீட்டை விட்டுவிட்டார். வாடகை என்று பார்த்தால் அவருக்கு லாபம், ஆனால் குடும்ப வருமானம் பாதியாகிவிட்டது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும் அவர் மறுபடி ஒரு வீட்டு வேலையைப் பிடித்தார். பிங்க் பஸ் வருகிற வரைக்கும் நிறுத்தத்தில் காத்திருப்பார், கட்டணம் வாங்கும் டீலக்ஸ் வண்டி காலியாகப் போனாலும் ஏற மாட்டார். ஒரு ஊரில் வாழ ஆகும் செலவு என்று சொல்லும்போது வீட்டு வாடகையோடு வேலைக்குப் போகிற தூரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவரைப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

நீங்கள் கோவைக்குப் போகிறீர்களோ இல்லையோ, அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கஷ்டத்தில் எவ்வளவு சென்னையால் வருகிறது, எவ்வளவு பெரும்பாக்கத்திலிருந்து கிண்டிக்குப் போவதால் வருகிறது? குரோம்பேட்டையில் வீடு எடுத்தால் கிண்டிக்கு மின்சார ரயிலில் சிறிது நேரம்தான். மாதச் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். உங்கள் கணவர் பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டைப் பிடித்தால் ஓஎம்ஆர். அவருக்குத் தூரம் கூடும், உங்களுக்குக் குறையும். இதுவரை அந்தத் தூரத்தை நீங்கள்தான் சுமந்திருக்கிறீர்கள்.

மாம்பலம் வாசகன்:

மல்லிகா அம்மா எழுதியதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. ரயில் பாதையை ஒட்டி வாழ்கிறவனின் சென்னை வேறு, ரயில் இல்லாத இடத்தில் வாழ்கிறவரின் சென்னை வேறு. நான் பேசியது முதல் சென்னையைப் பற்றி.

கணக்குப்புலி:

சில எண்கள் தருகிறேன், பிறகு ஒரு யோசனை.

மத்திய அரசு 2020-க்கான வாழ்வு எளிமைக் குறியீட்டை 2021 மார்ச்சில் வெளியிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பெங்களூர் முதலிடம், சென்னை நான்கு, கோவை ஏழு. ஆனால் அதில் வாழ்க்கைத் தரம் என்ற தூணை மட்டும் தனியாக எடுத்தால் சென்னை முதலிடம், கோவை இரண்டாமிடம். பெங்களூரை மேலே கொண்டுபோனது பொருளாதார வலிமை. மதிப்பெண்ணில் வாழ்க்கைத் தரத்துக்கு 35, மக்கள் கருத்துக்கு 30, நீடிப்புத் தன்மைக்கு 20, பொருளாதாரத்துக்கு 15 என்று பிரித்திருந்தார்கள். இந்த விகிதத்தை மாற்றினால் வரிசையும் மாறும். பொள்ளாச்சி மாமியாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதை டெல்லியில் யாரும் முடிவு செய்ய முடியாது.

வீட்டு வாடகைப் படி: பழைய வரி முறையில் இருந்தால் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை வரம்பு, கோவைக்கு 40. புதிய முறையில் இருந்தால் இந்த விலக்கே கிடையாது, அதனால் வித்தியாசம் இல்லை. மின்சாரம்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். சென்னைக் கோடையில் ஏசி போடும் வீடு அந்தக் கோட்டைத் தாண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருகிற ஊரில் பல வீடுகள் தாண்டாமல் இருக்கும். முன்பணம்: தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் போடாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள்.

இப்போது யோசனை. இரண்டு சம்பளத்தையும் வைத்து ஊரை ஒப்பிடாதீர்கள். ஒற்றைச் சம்பளத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் வேலை போய் அவர் சம்பளம் மட்டும் வந்தால் சென்னையில் மாதக் கடைசியில் எவ்வளவு நிற்கும், கோவையில் எவ்வளவு? அப்புறம் அவர் வேலை போய் உங்கள் சம்பளம் மட்டும் வந்தால்? இரண்டாவது கேள்வியில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், வாசகன் சொன்னது: அவருக்கு அடுத்த வேலை கிடைக்க அந்த ஊரில் எத்தனை மாதம் ஆகும். மாதப் பற்றாக்குறையை அந்த மாதங்களால் பெருக்குங்கள். அந்தத் தொகை வங்கியில் இருக்கிறதா? இருந்தால் அந்த ஊருக்குப் போகலாம். இல்லையென்றால் அங்கே வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்குத் தூக்கம் வராது.

பீளமேடு நர்மதா:

கோவையைப் பற்றி நல்லதாகவே எல்லோரும் எழுதுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இங்கே வேலைக்கு வந்து வீடு தேடியபோது வாடகைக்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வி, "நீங்க எந்த ஆளுங்க?" நேராகக் கேட்காதவர்கள் சொந்த ஊர், அப்பா பேர், எந்தக் கோயில் என்று சுற்றி வந்தார்கள். அசைவம் சமைப்பீர்களா என்ற கேள்வியும் அதைத்தான் விசாரிக்கிறது. தனியாக இருக்கிற பெண் என்றால் இன்னும் கஷ்டம். எனக்குப் பிடித்த ஒரு வீடு, முன்பணம் பேசி முடித்த பிறகு, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாததால் கைவிட்டுப் போனது.

சென்னையிலும் இது உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் அங்கே பெரிய அடுக்ககங்கள் அதிகம், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார், வாடகை வந்தால் போதும் என்பார். இங்கே பல இடங்களில் வீட்டுக்காரர் கீழ்வீட்டிலேயே இருப்பார். வாழ்க்கைத் தரம் என்று பூங்காவையும் காற்றையும் எண்ணும்போது, ஒரு குடும்பம் தன் பெயரைச் சொல்லி, தனக்குப் பிடித்ததைச் சமைத்து நிம்மதியாக இருக்க முடிகிறதா என்பதையும் எண்ண வேண்டும். அது யாருக்கு இலவசமாகக் கிடைக்கிறது, யாருக்குக் கூடுதல் வாடகையில் கிடைக்கிறது என்பதில்தான் ஊரின் குணம் தெரிகிறது.

அதற்காக நான் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. இப்போது இருக்கும் வீட்டுக்காரம்மா எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக்கொண்டு வந்தவர், ஒரு நாளும் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட வீடுகளும் இருக்கின்றன, தேடத்தான் அதிக நாள் ஆகும். கயல் அக்கா, தேடுகிற நாட்களுக்கும் ஒரு செலவு போட்டு வையுங்கள்.

சரவணம்பட்டி சிவா:

நர்மதா சொல்வது உண்மை. எனக்கு அந்தக் கேள்வி தொந்தரவாக இல்லாததற்குக் காரணம் என் பதில் அவர்களுக்குப் பிடித்ததாக இருந்தது. அதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

வடவள்ளி பெரியவர்:

அம்மணி, நான் சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கு வந்தவன். பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். சேரன் ரயிலில் ராத்திரி ஏறினால் காலையில் அங்கே. அவசரமென்றால் வந்தே பாரத் இருக்கிறது, ஆறு மணி நேரத்துக்குள் போய்விடும். அதனால் தூரத்தைப் பற்றி நான் பயப்படவில்லை.

மருத்துவத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. எலும்பு முறிவுக்கும் முட்டிக்கும் கங்கா மருத்துவமனைக்கு வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். கண்ணுக்கு அரவிந்த், பொது மருத்துவத்துக்கு பிஎஸ்ஜி, கேஎம்சிஹெச் இருக்கின்றன. கையில் காசில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உங்கள் மாமியாருக்கு இருக்கும் உபாதைகளுக்குச் சென்னைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பொள்ளாச்சியை விட்டுக் கோவைக்கு வருவார்களா? நீங்கள் கோவையில் இருந்தால் நாற்பது கிலோமீட்டர் தள்ளித்தான் இருப்பீர்கள். 2024 ஆகஸ்டில் உக்கடம் மேம்பாலம் திறந்த பிறகு வெளியேறுவது சுலபமாகிவிட்டது, பொள்ளாச்சி ரோடும் அகலமாக இருக்கிறது. இருந்தாலும் சரவணம்பட்டி ஊரின் வடக்குக் கோடி, பொள்ளாச்சி தெற்கே. வார நாளில் ராத்திரி ஒரு போன் வந்தால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும் என்று ஒரு தடவை வண்டி ஓட்டிப் பாருங்கள். வயதானவர்களுக்குப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பதோடு, எதிர் வீட்டுக்காரி, தெருமுனைக் கடை, கோயில் எல்லாம் வேண்டும். அவற்றை விட்டு எங்கே கூட்டிப்போனாலும், கோவையானாலும் சென்னையானாலும், அவர்களுக்கு அது வெளியூர்தான். அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் வேலையைப் பற்றி. இந்த ஊரில் பம்பு கம்பெனிகள், வார்ப்பட ஆலைகள், நூற்பாலைகள், ஆடிட்டர் அலுவலகங்கள் நிறைய. ஜிஎஸ்டி கணக்கு சுத்தமாகப் பார்க்கத் தெரிந்த ஆளுக்கு எப்போதும் தேவை உண்டு. இணையத்தில் விளம்பரம் வராது, சொல்லிவைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். நீங்கள் விசாரித்த இடங்களை வைத்து 8,000 குறையும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கயல் பெரும்பாக்கம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வார இறுதியில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதையெல்லாம் வைத்துப் பேசினோம்.

அத்தையிடம் போனில் கேட்டோம். பொள்ளாச்சியை விட்டு வர மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் சனி ஞாயிறு பேத்தியைக் கொண்டுவந்து விட்டால் போதும், வாரம் முழுக்க அந்த நினைப்பிலேயே ஓடிவிடும் என்றார். பெரியவர் ஐயா கேட்டிருக்காவிட்டால் எங்களுக்கு இது தெரிந்திருக்காது.

ஒற்றைச் சம்பளக் கணக்கும் போட்டோம். என் வேலை போனால் சென்னையில் மாதா மாதம் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும், கோவையில் இழுத்துப் பிடித்தால் சரியாகப் போகும். அவர் வேலை போனால் இரண்டு ஊரிலும் பற்றாக்குறைதான். கோவையில் அவருக்கு அடுத்த வேலை கிடைக்க இரண்டு மடங்கு காலம் ஆகும் என்று அவரே கணக்கு வைத்தார். அந்தத் தொகை எங்கள் கையில் முழுசாக இல்லை, முக்கால் பங்கு இருக்கிறது.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். மார்ச் கடைசி வரை நான் கோவையில் வேலை தேடுகிறேன். இப்போதைய சம்பளத்தில் 4,000-க்கு மேல் குறையாமல் கிடைத்தால் மாற்றலுக்கு எழுதிக் கொடுக்கிறார். சரவணம்பட்டி வேண்டாம், பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் வீடு பார்ப்போம், அங்கிருந்து பொள்ளாச்சி ரோட்டுக்கு அவ்வளவு சுற்றில்லை. கிடைக்காவிட்டால் ஏப்ரலில் குரோம்பேட்டை. அதிகத் தூரம் போவதற்கு அவர் சம்மதித்துவிட்டார், மல்லிகா அக்கா எழுதியதை அவரே இரண்டு தடவை படித்தார். எப்படியானாலும் ஜூனில் இந்த வீட்டில் இருக்க மாட்டோம்.

நர்மதா, உன் பதிவைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. வீடு தேடும்போது அந்தக் கேள்வி எங்களுக்கும் வரும். பதில் சொல்லப்போவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

பீளமேடு நர்மதா:

அக்கா, எங்கள் தெருவில் ஒரு கீழ்வீடு மார்ச்சில் காலியாகிறது. இரண்டு குழாயும் உண்டு, தொட்டி பெரியது. வீட்டுக்காரம்மா யார் என்று மேலே எழுதியிருக்கிறேன். வாடகை 17,000 சொல்கிறார், பேசினால் கொஞ்சம் குறைப்பார். பார்க்க வருவதானால் மாலையில் வாருங்கள். ஹோப் காலேஜ் பக்கம் ரயில்வே கேட் இருந்த இடத்தையெல்லாம் தாண்டி அவர் அலுவலகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அந்த நேரத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

வடவள்ளி பெரியவர்:

அம்மணி, உங்கள் வேலை விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு ஆடிட்டர்களிடம் இந்த வாரமே சொல்லி வைக்கிறேன். மார்ச் கணக்கு முடிக்கிற காலம் என்பதால் இப்போது கேட்டால்தான் ஆள் வேண்டும் என்பார்கள்.